ஓதுபவரும் பெயர்ப்பவரும்: ஸஃதியாவின் அரபுத் தவ்ராத் குறித்து

யூதர்களின் தொழுகைக்கூடங்களில் ஸப்பத் எனப்படும் சனிக்கிழமைக் காலை வழிபாட்டின் மையமாக அமைவது தவ்ராத் ஓதலாகும். தவ்ராத்தின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஓராண்டில் ஓதி முடிக்கப்படுகின்றன. 'பராஷா' என்பது அப்பகுதியின் பெயர். இறுதிப் பகுதி நிறைவுறும் 'ஸிம்ஹத் தோரா' திருநாளிலேயே, வானமும் பூமியும் படைக்கப்பட்டதைக் கூறும் முதற்பகுதி மீண்டும் தொடங்கப்பட்டுவிடுகிறது. ஸப்பத் காலையில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். முதலாமவர் நபி ஹாரூன் (அலை) வழிவந்த கோஹன், அடுத்தவர் லேவி குலத்தவர், பிறகு ஏனையோர். தோற்சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. எனவே ஓதுபவர் அவ்வாரப் பகுதியை முன்கூட்டியே பயின்று நினைவில் இருத்தியிருக்க வேண்டும்.

ஓதுபவர் பிழையின்றி ஓதிவிடலாம். கேட்டு நிற்கும் கூட்டத்துக்கு அது விளங்கிற்றா என்னும் வினா எஞ்சுகிறது. ஹீப்ரு மக்களின் பேச்சுவழக்கிலிருந்து விலகி, அரமேயம் அவ்விடத்தைப் பிடித்த காலத்திலேயே இவ்வினா எழுந்துவிட்டது. அதற்கு யூத மார்க்க அறிஞர்கள் கண்ட தீர்வு நுட்பமானது. ஓதுபவருக்கு அருகே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிறுத்தப்பட்டார். ஓதுபவர் ஒரு வசனத்தை ஓதி நிறுத்துவார். இவர் அதனை அரமேயத்தில் சொல்வார். இவர் சுருளைப் பார்த்துச் சொல்லலாகாது. ஓதுபவரின் குரலைவிடத் தம் குரலை உயர்த்தலாகாது. ஓதுபவர் இவருக்கு அடியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. பெயர்ப்பும் சுருளில் எழுதப்பட்டிருக்கிறது என்று எவரும் எண்ணிவிடலாகாது என்பதே இதன் நோக்கம். மூலம் ஒரு குரல், விளக்கம் மற்றொரு குரல். இரண்டும் ஒரே மேடையில் ஒலிக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது.

இம்மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டையும் அவ்வறிஞர்கள் உணர்ந்திருந்தனர். வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் பொய்யன், அதில் கூட்டுபவன் இறைநிந்தனையாளன் என்னும் கருத்து ரப்பி யஹூதாவின் கூற்றாகத் தல்மூதில் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் நடந்ததற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுவது 'தர்கூம் ஒன்கெலோஸ்' என்னும் அரமேயப் பெயர்ப்பாகும். பாபெல் கோபுர வரலாற்றில் இறைவன் 'இறங்கினான்' எனும் மூலச்சொல்லை அது 'வெளிப்பட்டான்' என்று பெயர்க்கிறது. இறைவனுக்கு உடலியல்பு கற்பிக்கப்படுவதைத் தவிர்ப்பதே அதன் கருத்து. அவ்வாரப் பகுதியை மூலத்தில் இருமுறையும் தர்கூமில் ஒருமுறையும் ஒவ்வொருவரும் தனியே ஓதி முடிக்க வேண்டும் என்ற நெறியும் இவ்வாறே வேரூன்றிற்று.

அரபு மொழி ஈராக்கிலிருந்து அந்தலூஸ் வரை பரவியபோது அரமேயமும் பொதுமக்களுக்கு அந்நியமாயிற்று. ஃபாஸ் நகர யூதர்கள் தர்கூம் ஓதுவதைக் கைவிட்டதைக் கண்டித்து, தாஹர்த்தைச் சேர்ந்த யஹூதா இப்னு குறைஷ் அரபு மொழியில் 'ரிஸாலா' ஒன்று வரைந்தார். பொருளை விளக்க எழுந்த நூலே பொருள் விளங்காத நூலாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. இந்நிலையில் தோன்றியவர்தாம் ஸஃதியா. அரபு நூல்கள் இவரை ஸஈத் அல்ஃபய்யூமீ என்று குறிக்கின்றன. கி.பி. 882இல் எகிப்தின் ஃபய்யூம் பகுதியில் பிறந்து, 928இல் ஈராக்கின் ஸூரா கல்விக்கழகத் தலைவராகி, 942இல் மறைந்தார். இப்னுந் நதீம் தமது 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலில் இவரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஸஃதியாவின் 'தஃப்ஸீர்' எனப்படும் தவ்ராத் மொழிபெயர்ப்பை அரபு உரைநடை என்னும் வகையில் நோக்கினால் அதன் சிறப்புகள் தெளிவாகும். ஹீப்ரு மூலம் வாக்கியங்களை 'வாவ்' என்னும் ஒரே இணைப்பெழுத்தால் அடுக்கிச் செல்லும். ஸஃதியா அவற்றை 'ஃப', 'ஸும்ம', 'லம்மா' முதலியவற்றால் காரண காரியத் தொடர்புடன் பிணைக்கிறார். கூறியது கூறலைச் சுருக்குகிறார். ஒன்கெலோஸின் வழியில் இறைவனுக்கு உருவம் கற்பிக்கும் சொற்களுக்கு மாற்றுப்பொருள் தருகிறார். 'கோஹன்' என்னும் சொல்லை 'இமாம்' என்று பெயர்க்கவும் அவர் தயங்கவில்லை. அரபு பேசிய யூதர் ஒருவர் அகராதியின் துணையின்றி அவ்வாரப் பகுதியின் பொருளை உணர இதனைவிட நல்ல வழி அன்று இருந்ததில்லை எனலாம்.

இச்சிறப்பே கடுமையான கண்டனத்துக்கும் இடமளித்தது. ஏதேன் தோட்டத்திலிருந்து பிரிந்த ஆறுகளுள் ஒன்றான பீஷோனை நைல் நதி என்று ஸஃதியா பெயர்த்தார். 12ஆம் நூற்றாண்டின் அந்தலூஸ் அறிஞர் ஆபிரஹாம் இப்னு எஸ்ரா தமது விரிவுரையில் இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறார். குலங்கள், நாடுகள், விலங்குகள், பறவைகள், மணிகள் ஆகியவற்றின் பெயர்களையும் ஸஃதியா இவ்வாறே துணிந்து பெயர்த்துவிட்டார். ஒருவேளை கனவில் கண்டிருப்பார் போலும் என்று எள்ளவும் செய்கிறார். பிறகு அவரே ஒரு காரணமும் காட்டுகிறார். தவ்ராத்தை இஸ்மவேலரின் மொழியிலும் எழுத்திலும் பெயர்த்ததால், தமக்கே பொருள் தெரியாத சொற்கள் அதில் உள்ளன என்று பிறர் கூறிவிடாதிருக்க ஸஃதியா இப்படிச் செய்திருக்கலாம் என்பது அவரது ஊகம்.

இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் உள்ளது? தம்மிடம் ஒருவர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, சொல்லாராய்ச்சியும் வாதப் பிரதிவாதமும் கலவாமல் மூலத்தின் பொருளை மட்டும் தனி நூலாக வகுத்ததாக ஸஃதியா தமது முன்னுரையில் தெரிவிக்கிறார். ஆராய்ச்சிக்கென அவருடைய விரிவுரை தனியே இருந்தது. ஆக, கூட்டத்தின் நடுவே நிற்கும் சாதாரண மனிதரே அவரது இலக்கு. அவரிடம் ஒவ்வொரு பறவையின் பெயருக்கும் 'அறியோம்' என்று விடை கூறிக்கொண்டிருந்தால் ஓதலே தடைப்பட்டுவிடும். இப்னு எஸ்ராவின் கண்டனம் இத்தேவையைக் கருத்தில் கொள்ளவில்லை.

ஆயினும் இலக்கணப் புலவரான அவர் சுட்டிய குறை பொய்யன்று. மேடையில் நின்ற பழைய மொழிபெயர்ப்பாளர் வசனந்தோறும் மூலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஸஃதியாவின் சரளமான நடையிலோ மூலத்தின் கரடுமுரடும் ஐயமும் மறைந்துவிடுகின்றன. உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே தொனியில் அது சொல்கிறது. தனியே படிப்பவருக்கு இரண்டு குரல்கள் கேட்பதில்லை. ஒரு மொழிபெயர்ப்பு அழகாக அமைவதில் உள்ள ஆபத்து இதுவே.

இக்குறையை நீக்கியது அந்நூலைப் பயன்படுத்திய சமூகமே என்பது நம் கருத்து. ஃபுஸ்தாத் நகரில் யூதர்களுக்கு இரு தொழுகைக்கூடங்கள் இருந்தன. ஈராக்கியர் தவ்ராத்தை ஓராண்டில் முடித்தனர். பலஸ்தீன மரபினர் பகுதிகளைச் சிறிதாக்கி மூன்றாண்டுகளில் முடித்தனர். இருசாராரும் ஸிம்ஹத் தோரா அன்று ஒன்றுகூடித் தொழுததை 12ஆம் நூற்றாண்டுப் பயணி துதேலா பென்யமீன் பதிவு செய்துள்ளார். ஈராக்கியரின் ஓதல் முறையை ஏற்காத அப்பலஸ்தீனக் கூடத்தின் 'கனீஸா' என்னும் பழஞ்சுவடி அறையில், ஈராக்கின் தலைவரான ஸஃதியாவின் தஃப்ஸீர் ஏடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஓதும் வேகத்தில் வேறுபட்டோரும் பொருளறியும் வேட்கையில் ஒன்றுபட்டிருந்தனர் என்று இதனைக் கொள்ளலாம்.

யமன் யூதர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 'தாஜ்' எனப்படும் அவர்களது சுவடிகளில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஹீப்ரு மூலம், ஒன்கெலோஸின் அரமேயம், ஸஃதியாவின் அரபு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து எழுதப்பட்டன. சரளமான அரபு நடை வசனத்துக்கு வசனம் மூலத்தின் முன் நிறுத்தி வைக்கப்பட்டது. 1949-50இல் யமன் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். ஓதுபவர் அருகே நின்று சிறுவன் தர்கூம் சொல்லும் வழக்கத்தை அவர்களது தொழுகைக்கூடங்கள் இன்றும் பேணுகின்றன. ஆனால் அரபு தாய்மொழியாக இல்லாத தலைமுறைக்கு ஸஃதியாவின் தஃப்ஸீரே விளக்கம் தேவைப்படும் நூலாகிவிட்டது. அரமேயத்துக்கு நேர்ந்தது அரபுக்கும் நேர்ந்தது.

இதனை ஸஃதியாவின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. எந்த விளக்கமும் தன் காலத்து மக்களுக்காகவே எழுகிறது. அம்மக்களின் மொழி மாறும்போது அது முதுமையடைகிறது. பழைய விளக்கத்தை அதன் ஒலிக்காக மட்டும் காத்து, புதிய தலைமுறைக்குப் பொருளுரைக்கும் பணியைக் கைவிடும் சமூகமே தோல்வியுறுகிறது. தர்கூமைக் கைவிட்டோரைக் கண்டித்த இப்னு குறைஷும், புதிய தஃப்ஸீர் வரைந்த ஸஃதியாவும் எதிரெதிர் நின்றவர்கள் போலத் தோன்றலாம். சுருளின் அருகே இரண்டாவது குரல் ஒன்று எப்போதும் ஒலிக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே கருத்தினரே.