‘செல்’ எனுஞ் சொல்லும் நம் கலைச்சொல்லும்

ஆங்கிலத்துச் ‘செல்’ துறவியின் சிற்றறையையும் சிறையறையையும் தேனடையின் கண்ணறையையும் குறிக்கும். இலத்தீன் மூலமாகிய ‘செல்லா’வும் சிற்றறையே. 1665 இல் இராபர்ட் ஊக் நுண்காட்டியிற் கண்ட தக்கைத் துண்டில் உயிர்நீங்கிய வெறுஞ் சுவர்களே இருந்தன. ஆதலின் அப்பெயர் அன்று பொருந்திற்று. உள்ளீடே உயிர்ப்புடைத்தெனப் பின்னர்த் தெளிந்தும் பெயர் மாறவில்லை. மின்னியலாரும் அதனையே எடுத்தாண்டனர்.

தமிழகத்தார் சிலர் ‘உயிரணு’ என்பர். எண்ணிறந்த அணுக்களாலாய ஒன்றனையே அணுவென்றல் எங்ஙனம் பொருந்தும்? விந்தணுவோடு மயங்கவும் இடமுண்டு. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘கலம்’ கொள்கலமாதலின் உள்ளீட்டை மறவாது, மின்கலத்துக்கும் இயையும். கலம் என்பது மரக்கலமும் அணிகலமும் நெல்லளவையும் ஆகுமே எனின், அப்பன்மை ஆங்கிலச் சொல்லுக்கும் உளதன்றோ! சிறைக்கு மட்டும் அஃது இணங்காது. ஆண்டு ‘அறை’ என்பதே அமையும்.