திருவருட்பயன் காட்டும் ஆணவ இயல்பு

ஆன்மிக நெறியிற் புகுவோர் முதலிற் கேட்கும் அறிவுரை, 'நான்' என்பதை ஒழிக்க வேண்டும் என்பதாகும். சொல்லுதற்கு எளிதாகிய இவ்வறிவுரை கைக்கொள்ளுதற்கு அரியது. பிழைபட உணரப்படின் தீங்கும் விளைப்பது. ஒழிய வேண்டுவது யாது, எஞ்சி நிற்பது யாது என்னும் தெளிவின்றி முயல்வோன், ஒன்று தன்னையே வெறுத்துச் சோர்வான். அன்றேல், செருக்கை வென்றுவிட்டதாகப் புதியதொரு செருக்கைக் கொள்வான். இவ்விரு வழுவுக்கும் இடங்கொடாது ஆணவத்தின் இயல்பை விளக்கும் நூல்களுள் உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயன் தலைசிறந்தது.

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய இந்நூல், அதிகாரத்துக்குப் பத்தாக 10 அதிகாரங்களில் 100 குறள் வெண்பாக்களைக் கொண்டது. ஆசிரியர் தம் மற்றொரு நூலாகிய சங்கற்ப நிராகரணத்திற் சக ஆண்டு 1235, அதாவது கி. பி. 1313, எனக் குறித்தலின், அவர் வாழ்ந்த காலமும் ஐயமின்றித் துணியப்படுகின்றது. திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரமாகிய 'இருள்மல நிலை' ஆணவத்தைப் பற்றியது.

ஆணவத்தை இருளெனக் கூறுதல் சைவ நூல்களுக்குப் பொதுவான வழக்கு. உமாபதியாரின் தனிச்சிறப்பு, அவ்வுவமை பொருந்தாத இடத்தை அவரே எடுத்துக் காட்டுவதில் உள்ளது. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை மறைப்பதில்லை. இருட்டில் நிற்பவன் தான் இருட்டில் நிற்பதை அறிவான்; அறிதலால் விளக்கைத் தேடுவான். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்கின்றது. ஆதலின், அதன் வயப்பட்டோன் தன்னிடத்து அஃது இல்லையென்றே எண்ணுகின்றான். கோயிலுக்கு விளக்கு உபயஞ் செய்தவன் அவ்விளக்கின் ஒளியே மறையுமாறு தன் பெயரைப் பொறிப்பதும், 'அடியேன்' என்று வாய் ஓயாது கூறுபவன் தனக்குரிய மரியாதை சிறிது குறைந்தவிடத்துச் சினந்து எழுவதும் உலகியலிற் காணப்படுவனவே. ஆணவம் ஆரவாரத்தில் மட்டுமன்றிப் பணிவிலும் வழிபாட்டிலுங்கூட ஒளிந்து வாழ வல்லது என்பது இவ்வொப்புமையாற் பெறப்படுகின்றது.

இத்துணைக் கொடியது உயிரின் இயற்கையே ஆகாதோ என்னும் வினா எழும். இவ்வதிகாரத்தின் தருக்க வன்மை இதற்கு அளிக்கும் விடையிலேயே வெளிப்படுகின்றது. இருள் என ஒன்று இல்லையாயின் துன்பத்துக்குக் காரணமில்லை. அஃது உயிரின் இயல்பாயின், இருளை நீக்கும் பொருள் உயிரையும் உடன் நீக்கிவிடும் என்பது ஆசிரியர் வாதம். செம்பிற் களிம்புபோல ஆணவம் தொன்றுதொட்டே உடனிருப்பினும், களிம்பு செம்பாகாது. தன் செருக்கைக் கண்டு நாணும் சாதகன் தன்னை இழிந்தோனென வெறுக்க வேண்டுவதில்லை என்னும் உறுதி இவ்வாதத்தில் அடங்கியுள்ளது. தன்னை வெறுத்தலும் தன்னையே நோக்கியிருத்தலின் ஒரு வகையன்றோ?

ஈண்டு மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. ஆணவம் வேறு, அகங்காரம் வேறு. மனம், புத்தி, சித்தம் என்பவற்றோடு எண்ணப்படும் அகங்காரம் மாயையின் காரியமாகிய ஓர் அந்தக்கரணம். 'யான் செய்வேன்' என்று உயிரைத் தொழிலில் முனைவிப்பது. மாயையின் காரியங்களாகிய உடல் முதலியவற்றை விடியுமளவும் உதவும் விளக்காக இவ்வதிகாரம் போற்றுகின்றது. ஆகவே, கற்றற்கும் தொண்டு செய்தற்கும் வேண்டிய ஊக்கத்தையே ஆணவமெனக் கருதி அடக்குபவன், இருளைப் போக்குவதாக எண்ணி விளக்கை அவிப்பவன் ஆவான்.

தன்னைத்தான் மறைக்கும் இருளை உயிர் எவ்வாறு அறியும்? இதற்கு விடை அதிகார முறைவைப்பிற் கிடைக்கின்றது. இருள்மல நிலையை அடுத்து அருளது நிலையும், அதனையடுத்து அவ்வருளே குருவடிவாய் வருதலைக் கூறும் அருளுரு நிலையும் வைக்கப்பட்டுள்ளன. ஆணவத்தை ஆணவமென உணர்தல் உயிரின் தனி முயற்சியாலன்றி, அதன்மேற் படும் ஒளியாலேயே கைகூடும் என்பது கருத்து. ஆசிரியர் வரலாறாக மரபு கூறுவதும் இதற்கு அரண் செய்கின்றது. தில்லையிற் பட்டப்பகலில் தீவட்டி முதலிய சிறப்புக்களுடன் சிவிகையிற் சென்றவரைப் பார்த்து, பகலிற் கண்காணாதவர் உயிரற்ற மரத்தின்மீது செல்கின்றார் என்னும் கருத்துப்பட மறைஞானசம்பந்தர் கூறினார் என்ப. அதுகேட்ட உமாபதியார் வெகுண்டாரல்லர். இறங்கிச் சென்று அவருக்கு மாணாக்கராயினார்.

இவ்வதிகாரத்தைத் தனித்துக் கற்பார்க்கு ஓர் இடர் உண்டு. குற்றமெல்லாம் மலத்தின்மேலது, தம்மேலதன்று எனத் தப்பிக்க அவர் முயலலாம். ஆயின், வினைசெய்து அதன் பயனை நுகர்வது உயிரே என்பதும் சித்தாந்தத் துணிபாதலின், மலத்தைக் காரணங்காட்டி ஒழுக்கத்தினின்று நழுவுதற்கு இடமில்லை.

முத்தியிலும் ஆணவம் வலிகெட்டு அடங்குவதன்றி அழிந்தொழிவதில்லை என்பர் சித்தாந்திகள். அதனாலன்றோ, சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம் ஞானம் எய்தியோர்க்கும் மலங்கழுவுதலையும் அன்பரோடு கூடுதலையும் ஆலய வழிபாட்டையும் விதிக்கின்றது! ஆணவத்தை வென்றுவிட்டதாகக் கூறித் தனித்து நிற்றலினும், பிறர் காட்டும் குறையைக் கேட்கச் செவியுடையோனாய் அடியார் நடுவே இருத்தலே சாதகனுக்கு உறுதி பயப்பதாகும்.