யார் பெயரில் வீடு, யார் தலையில் கடன்?

விவாகரத்தின்போது கணவன் மனைவியின் சொத்தையும் கடனையும் எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் முழுமையான சட்டம் நம்மிடம் இல்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களோடு நின்றுவிடுகிறது. மற்றபடி பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே சொத்து. பெயர் இல்லாதவர் 25-ஆவது பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கலாம். பங்கு கேட்க வழியில்லை.

இந்த முறையில் நன்மையும் உண்டு. கணவன் தொழிலில் நொடித்துப்போனாலும், மனைவி கையெழுத்துப் போடாத கடனுக்காக அவள் சம்பளத்தில் யாரும் கை வைக்க முடியாது. சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் குடும்பங்களில் நடப்பது வேறு. மனை வாங்க முன்பணம் குறையும்போது மனைவியின் வளையலும் ஆரமும் அடகுக்குப் போகின்றன. ரசீது கணவன் பெயரில். பத்திரமும் அவன் பெயரில். வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்துக்குப் போகிறது. பல வருடம் கழித்து, "உன் பணம் போட்டதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டால், காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. சமைத்ததற்கும், பிள்ளை வளர்த்ததற்கும், மாமியாரின் நோயைப் பார்த்ததற்கும் யார் ரசீது கொடுத்தார்கள்?

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மையான பதில் தந்தது. கணவர் சவூதி அரேபியாவில் சம்பாதிக்க, ஊரில் குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவிக்கும் அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்றது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனாலும் அது விவாகரத்து வழக்கல்ல. தனி நீதிபதியின் தீர்ப்பு. ஒவ்வொரு பெண்ணும் வழக்காடித்தான் இதைப் பெற வேண்டும் என்றால் அதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

கடன் விஷயம் இன்னும் மோசம். இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனை இனி கணவனே கட்டுவான் என்று நீதிமன்றத்தில் சமரசம் எழுதிக்கொண்டாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவன் தவணை தவறினால் அவளுக்கும் நோட்டீஸ் வரும். அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் சரியும். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. அதுவும் ஜீவனாம்சத்தைக் கணக்கிடத்தான்.

கோவாவில் போர்த்துக்கீசியர் காலச் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. அங்கேயும் நிர்வாகத்தைக் கணவன் கையில் கொடுத்தது அந்தச் சட்டத்தின் குறை. ஆனால் பாதி தனக்கு என்பதை மனைவி நிரூபிக்க வேண்டியதில்லை.

கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதாவை மாநிலங்களவை 2013-இல் நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. கடனையும் சேர்த்து, அதை மறுபடி கொண்டுவர வேண்டும். அதுவரை, கூட்டுக் கடனில் கையெழுத்துப் போடும் பெண்கள் அதே நாளில் பத்திரத்திலும் தங்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.