சுவரைத் தொட்ட கை

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கதையையே பேசுகிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நெருக்கடி, கடன், சிமெண்டை விற்றுவிடும் காண்ட்ராக்டர், கடைசியில் நிலமே மெட்ரோ வாட்டருக்குச் சேர்ந்தது என்னும் செய்தி. இவ்வளவும் ஒரு நல்ல சிறுகதையிலும் சாத்தியமே. சினிமாவில் மட்டும் சாத்தியமானது, கட்டி முடியாத அவ்வீட்டைத் தாத்தா தனியே வந்து பார்க்கும் காட்சி.

அவர் பேசுவதில்லை. நடக்கிறார், நிற்கிறார், சுவரைத் தடவுகிறார். சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக மேடையிலிருந்து வந்தவர். குரலே முதலாக இருந்த மேடை அது. அந்தக் குரலை வாங்கி வைத்துவிட்டுக் கையை மட்டும் இயங்கவிடுகிறார் இயக்குநர். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவருடையவையே. கை சுவரில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை வேறொருவர் தீர்மானிக்கவில்லை.

நண்பர்கள் சிலர் இச்சுவரை மத்தியதர வர்க்கக் கனவின் குறியீடு என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குறியீடு என்றதும் செங்கல் மறைந்துபோகிறது. இங்கே கிழத்தோலும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. அர்த்தம் அந்தத் தொடுகையிலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் இல்லை.

கனகசெட்டிக்குளத்தில் நான் தினமும் கடக்கும் தெருவில் பாதியில் நின்றுபோன வீடொன்று உண்டு. மாடிக்கென்று விட்ட கம்பிகள் கடற்காற்றில் துருவேறி நிற்கின்றன. திருஷ்டி பொம்மை வெளிறிவிட்டது. தோற்றுப்போன காரியம் என்றே அதை நினைத்துவந்தேன். படத்தை மறுபடி பார்த்தபின் ஒரு மாலை அதன் சுவரில் கைவைத்தேன். பகல் வெயில் இன்னும் உள்ளே இருந்தது. யாரோ இங்கே நின்று, இது சமையலறை, இது கூடம் என்று விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள் என்பது அப்போதுதான் தோன்றிற்று. அந்த நேரத்துக்கு அது வீடாக இருந்திருக்கிறது.

தாத்தாவின் காட்சியும் இதைத்தான் செய்கிறது. படம் முழுவதிலும் அவ்வீட்டில் குடிபுகுந்தவர் அவர் ஒருவரே. பார்த்துவிட்டுத் திரும்புகையில் இறந்துபோகிறார். சாவை வீட்டுக்குள் வைத்திருந்தால் நாம் அழுதிருப்போம், காட்சி அத்தோடு தீர்ந்திருக்கும். பிற்பாடு சட்டம் நிலத்தைக் கேட்கும்போது, ஏற்கனவே ஒருவர் வாழ்ந்துவிட்ட வீட்டை அது கேட்கிறது. அநீதியின் கனம் வசனத்தில் ஏறவில்லை. முன்னமேயே அந்தக் கையில் ஏறியிருந்தது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இளையராஜாவின் இசை இங்கே மிக அழகானது; அந்த அழகே எனக்குத் தடை. கை சொல்லத் தொடங்குமுன் வயலின் சொல்லிவிடுகிறது. செங்கல்லில் தோல் உரசும் சத்தத்தை நான் கேட்க விரும்பினேன்.

இருந்தும், தமிழ் சினிமாவில் ஒரு சுவர் சுவராகவே காட்டப்பட்ட அபூர்வத் தருணம் இது. கதையை விட்டுவிட்டு அதைப் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை.