புகலிடப் படைவீரனின் நாவல்: ஸ்ரெபான் ஹைமின் ‘சிலுவைப் போராளர்’

ஜேர்மனியின் கெம்னிற்ஸ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த ஸ்ரெபான் ஹைம் (1913–2001), 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பிப் பிராக் நகரை அடைந்தார். 1935இல் அமெரிக்கா சென்றார். 1943இல் அந்நாட்டுப் படையிற் சேர்ந்து, மறு ஆண்டு நோர்மண்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரது ஆயுதம் தாய்மொழியே. ஜேர்மன் வீரரைச் சரணடையத் தூண்டும் துண்டுப்பிரசுரங்களை அவர் அம்மொழியில் எழுதினார்.

இவ்வனுபவத்தின் விளைவே 1948இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘சிலுவைப் போராளர்’ என்னும் நாவல். பாசிசத்தை எதிர்க்கும் படையினுள்ளேயே இலாபவேட்டையும் அதிகார மோகமும் மலிந்திருந்தமையை அது காட்டுகின்றது. தலைப்பின் அங்கதம் இங்குதான் பொருள் பெறுகின்றது. புகலிடம் தேடி வந்தவன் கொடிக்காக அன்றி ஒரு நோக்கத்துக்காகவே போரிடுகின்றான். எனவே, படையையும் அந்நோக்கத்தைக் கொண்டே அளக்கின்றான். ஜேர்மனியிற் பிறந்த சார்ஜன்ட் பிங் என்னும் பாத்திரத்தின் வலிமை இதுவேயாகும். ஆயின், தீய அதிகாரிகள் சிலர் உயிருள்ள மனிதராகாது வகைமாதிரிகளாகவே நின்றுவிடுதல் நாவலின் குறைபாடு எனலாம்.

கொரிய யுத்தத்தைக் கண்டித்துத் தமது படைப்பதக்கத்தைத் திருப்பியனுப்பிய ஹைம், 1953இல் கிழக்கு ஜேர்மனியிற் குடியேறினார். 1979இல் அங்கும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அரசுக்குப் பணிதலும் இலட்சியத்துக்கு உண்மையாயிருத்தலும் ஒன்றல்ல என்பதை நாவலும் வாழ்வும் ஒருங்கே உணர்த்துகின்றன. முற்போக்கு எழுத்தாளர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.