அடக்கமும் பிணைப்பும்: டிராவிக்கின் தமிழ்க் குடும்ப ஆய்வை முன்வைத்து

ஜான் பௌல்பி 1969இல் விரித்துரைத்த பிணைப்புக் கோட்பாடு, அஞ்சும் குழந்தை முதன்மையாக நாடும் ஒருவரை மையப்படுத்துகிறது. பலரிடம் பிணைப்பு அமைவதை மறுக்கவில்லை. எனினும் மேரி எயின்ஸ்வொர்த்தின் சோதனையறையில் தாய் நீங்கித் திரும்புவதே அளவுகோல். மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட தமிழ்க் குடும்ப ஆய்வு இதனைச் சிக்கலாக்குகிறது. அங்கே தாய் தன் பிள்ளைமீதுள்ள அன்பைக் கண்ணேறு அஞ்சி அடக்குகிறாள்; எவர் பிள்ளை என்பதே வேண்டுமென்று குழப்பப்படுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும் அடக்கத்திற்கும் புறக்கணிப்பிற்கும் இடையிலான கோட்டை வாசகரே வரைந்துகொள்ள நேர்கிறது. அக்கோடு குடும்ப ஆற்றுப்படுத்தலுக்கு இன்றியமையாதது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் போன்ற ஊரில் தாயை மட்டும் அழைத்து வினவினால், அழும் பிள்ளை ஓடிச்சேரும் ஆயாவோ அத்தையோ பதிவில் இடம்பெறார். தாயின் மௌனம் மட்டும் குறையாகப் பதிவாகும்.