ஹெட்லைட் பல்பு: மூன்று மாற்றுகள், ஒரு தீர்ப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டிக் கோவளம் பக்கம் போகும்போது, எதிரே ஒற்றை விளக்கோடு ஒரு கார் வந்தால் இருட்டில் அதை பைக் என்றுதான் நினைப்போம். அணைந்திருப்பது வலதுபக்க விளக்காக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வண்டி தள்ளி வருவதாகத் தோன்றும். உண்மையில் அதன் உடம்பு நம் பக்கம்தான் இருக்கும். எனவே பல்பு போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும். எதைப் போட்டு மாற்றுவது என்பதுதான் கேள்வி.

ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் பெரும்பாலும் மூன்று சரக்கு கிடைக்கும்: கம்பெனி போட்ட அதே 60/55 வாட் எச்4 ஹாலோஜன், "லைட் சும்மா பிச்சுக்கிட்டு போகும் சார்" என்று தரப்படும் 100/90 வாட் பல்பு, பின்னால் குட்டி ஃபேன் வைத்த எல்இடி. எதை வாங்கலாம் என்று முடிவுசெய்ய எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆம் விதியாக இருக்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை வெளிச்சம் கூசச் செய்யக் கூடாது. ஓட்டுபவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று மட்டும் பார்ப்பவர்கள் எதிரே வருபவரின் இந்தக் கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

100/90 வாட் பல்பை முதலிலேயே தள்ளிவிடலாம். 12 வோல்ட்டில் 60 வாட் இழை 5 ஆம்பியர் எடுக்கும். 100 வாட் இழை 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு கூடும் என்பதால், வயரிலும் பல்பைச் செருகும் கப்ளரிலும் சூடு ஏறக்குறைய 3 மடங்காகிறது. கோவளம் போன்ற கடலோர ஊரில் இது இரட்டிப்புக் கேடு. உப்புக்காற்றில் கப்ளரின் பித்தளை முனைகளில் பச்சை பூத்து, அங்கே ஏற்கெனவே மின்தடை கூடியிருக்கும். அதன் மேல் இந்தச் சுமையும் ஏறினால் பிளாஸ்டிக் பழுத்து உருகும். ரிலே வைத்துத் தனி வயர் இழுத்தாலும், ரிஃப்ளெக்டர் தாங்க வேண்டிய வெப்பம் குறையப்போவதில்லை.

எல்இடியை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. மின்சாரம் குறைவாக எடுக்கும், தரமானதாக இருந்தால் பல ஆண்டு உழைக்கும், வெள்ளை வெளிச்சம். இவை உண்மையான நன்மைகள். சிக்கல் ரிஃப்ளெக்டரில் இருக்கிறது. பழைய எச்4 பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். முன்னால் உள்ளது லோ பீம். அதன் அடியில் நகத்தளவுக்கு ஓர் உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்புகிறது, அங்கிருந்து அது கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. கிண்ணத்தின் ஓர் ஓரம் சற்றுச் சாய்ந்திருப்பதால் இடதுபக்கம் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறும். சாலையோரம் நடப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். மெல்லிய இழையின் இடத்தில் தட்டையான பலகையில் ஒட்டிய சில்லுகளை வைத்தால் இந்தக் கணக்கு குலைகிறது. வெளிச்சம் மேலே சிதறும். எதிரே வருபவரின் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருந்தால் அந்தக் கண்ணாடி முழுக்க வெளுத்துப்போகும். சிலவற்றில் ஃபேன் இடிப்பதால் பின்பக்க ரப்பர் மூடியும் சரியாக உட்காராது. ஈரக்காற்று உள்ளே போய் ரிஃப்ளெக்டர் மங்கும்.

நல்ல எல்இடி பல்பே கிடையாதா? உண்டு. ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 வகை எல்இடி பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். பல்பையும் விளக்கையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பெட்டியில் அந்தச் சோதனை இல்லை.

ஹாலோஜனுக்கும் குறை உண்டு. எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டால் வியர்வையின் எண்ணெயும் உப்பும் படிந்து, எரியும்போது அந்த இடம் வலுவிழக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். இத்தனை இருந்தும் அந்த விளக்குக்கென்றே அளவெடுத்த பல்பு அது ஒன்றுதான். 106-ஆம் விதி சொல்லும் அந்தக் கண்ணை மதிப்பதும் அதுவே. என் தீர்ப்பு அதன் பக்கம்.

பானட்டைத் திறந்தால் கை எட்டும் கார்களில் இதை நீங்களே செய்யலாம். பம்பரைக் கழற்ற வேண்டிய கார்களைக் கடையில் விடுங்கள். எங்கே செய்தாலும் கப்ளர் முனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மாட்டியதும் சுவரில் லோ பீம் அடித்துப் பாருங்கள்: வலப்பக்கம் நேர்க்கோடு, இடப்பக்கம் மேலேறும் சாய்வு தெரிய வேண்டும். இரண்டு பல்பும் ஒரே காலம் எரிந்தவை என்பதால் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். இன்னும் எரியும் பழையதைத் துணியில் சுற்றி வண்டியிலேயே வைத்திருங்கள். இரவில் வழியில் ஒன்று போனால் வீடு வந்து சேர அது போதும்.